‘காணவில்லை’ என்று இனி டைப் அடிக்க மாட்டேன்: வட சென்னை ரைட்டர் ஐயாக்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னை காவல் நிலையங்களில் புகார்களை வாங்கி எழுதிப் பதிவு செய்கிற ரைட்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

கமிஷனருக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், வண்டியைப் பறிகொடுத்தவன் கமிஷனரைப் பார்க்கப் போவதில்லை. வேப்பேரி வரைக்கும் போக அவனிடம் வண்டியே இல்லை. அவன் முதலில் வந்து நிற்பது உங்கள் மேஜைக்கு முன்னால்தான். அவன் கையில் இருக்கும் தாளில் எந்த வார்த்தை இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்கிறவரும் நீங்கள்தான்.

நான் ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை, நாளைக்கும் அதே தெருவில்தான் ஷட்டரைத் தூக்க வேண்டும். போர்டில் ஜெராக்ஸ் என்று இருக்கிறதே தவிர பாதி வருமானம் மனு டைப் அடிப்பதில் வருகிறது. ஆதார் திருத்தம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, இ.பி. பெயர் மாற்றம், அப்புறம் உங்களுக்கு வரும் புகார்கள். ஒரு பக்கம் 30 ரூபாய், வயதானவர்கள் என்றால் 20. ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி ஃபைல் இருக்கிறது. பைக்குக்கான ஃபைலின் பெயர் ‘வண்டி காணவில்லை’. பெயர், முகவரி, வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், தேதி, நேரம் இவற்றை மட்டும் மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை.

அந்த ஃபைலுக்கு அந்தப் பெயரை நானாக வைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் “வண்டியைத் திருடிட்டாங்கண்ணா” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படியே திருட்டு என்று அடித்துக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் திரும்பி வருவார்கள். “திருட்டுன்னு போடக்கூடாதாம்ணா, காணவில்லைன்னு மாத்திக் கேக்குறாங்க.” மாற்றி அடிப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. தாளும் இங்க்கும் எனக்குத்தான் நஷ்டம். சரி, எதற்கு இரண்டு வேலை என்று முதலிலேயே காணவில்லை என்று அடிக்கப் பழகிவிட்டேன். ‘நிறுத்தி வைத்திருந்த எனது இரு சக்கர வாகனத்தைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ என்னமோ வண்டி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மாதிரி. இந்த ஒரு வரியை எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை, அந்தப் பாவத்தில் பாதி என் தலையில்.

இந்த வருடம் போகி அன்று விடியற்காலையில் அது என் வீட்டு வாசலுக்கே வந்தது. தெரு முழுக்கப் புகை, பையன்கள் போகி மேளத்தைப் போட்டு அடி அடி என்று அடிக்கிறார்கள், எரிப்பதற்குக் கிழிந்த பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஸ்பிளெண்டர் நின்ற இடத்தில் உள்ளங்கை அளவு ஆயில் கறை மட்டும் இருக்கிறது. கறைக்குப் பக்கத்தில் சைடு லாக்கிலிருந்து உடைந்து விழுந்த ஒரு இரும்புத் துண்டு, சுண்டு விரல் நுனி அளவு. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. எதிர் வீட்டு கேமராவில் எல்லாம் இருந்தது. 3.42 மணிக்கு இரண்டு பேர் வருகிறார்கள், ஒருத்தன் ஹேண்டில்பாரில் காலை வைத்து ஒரே உதை, லாக் உடைகிறது, உடனே ஏறி உட்கார்ந்துகொள்கிறான். மற்றவன் தன் வண்டியில் இருந்தபடியே காலால் முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போகிறான். மொத்தமே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் போட்ட வண்டி அது, 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு அது கட்டாயம். அந்த பிளேட்டை யாரும் கழற்ற முடியாது என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மைதான், யாரும் கழற்றவில்லை, வண்டியோடு சேர்ந்தே போய்விட்டது.

வீடியோவை பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால் என்னை யாரும் அதட்டவில்லை, நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. ரைட்டர் ஐயா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “ஏம்ப்பா, ஊருக்கே எழுதிக் கொடுக்கிற ஆளு நீ, உனக்குத் தெரியாதா? காணவில்லைன்னு போட்டு எடுத்துட்டு வா, சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன். க்ரைம் பசங்க ரெண்டு நாள் பாக்கட்டும், கிடைக்கலைன்னா எஃப்.ஐ.ஆர். போட்டுக்கலாம்.” நானும் கடைக்குப் போய், இரண்டு திருடர்களின் முகம் பதிவான பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, என் வண்டியைக் காணவில்லை என்று டைப் அடித்தேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் அடித்தேன்.

சி.எஸ்.ஆர். என்பதன் விரிவு கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும், அந்தச் சீட்டை வாங்கிப் போகிற பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் அதைத்தான் எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து லேமினேஷன் போட என்னிடம் வருகிறார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். குற்ற வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிற, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை, நீங்கள் சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்பீர்களே அதைத்தான், முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், சி.எஸ்.ஆர். என்ற பேச்சே இல்லை. இருப்பது பிரிவு 173. பழைய சட்டத்தில் 154 என்று இருந்ததே, அதுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றி ஒருவர் வந்து வாயால் சொன்னாலே போதும், நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். மின்னஞ்சல் மாதிரி எலெக்ட்ரானிக் வழியில் அனுப்பினாலும் செல்லும், மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் பதிவாகிவிடும். அதன் பிரதியை உடனே, இலவசமாக, தகவல் சொன்னவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கொடுக்க வேண்டும். அதாவது அவன் என் கடைக்கு வந்து 30 ரூபாய் அழ வேண்டிய தேவையே சட்டப்படி இல்லை, இதை எழுதுகிறபோது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன் என்பதும் தெரிகிறது. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பரிலேயே சொன்னதும் இதைத்தான்: அப்படிப்பட்ட குற்றம் நடந்தது என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், போடலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடம் கிடையாது.

வண்டித் திருட்டு அப்படிப்பட்ட குற்றம்தான், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று சொல்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 303(2), மூன்று வருடம் வரை தண்டனை. இதில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது, புகார் எழுதுகிறவர்களும் கவனித்துக்கொள்ளட்டும். திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, ஆளும் முதல் தடவை மாட்டியவன், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை, அது நீங்கள் நேராக எஃப்.ஐ.ஆர். போடுகிற வகையில் வராது. பதினைந்து வருடப் பழைய மொபெட் என்றால் “இது அஞ்சாயிரம் கூடப் போகாதேம்மா” என்று ஒரு பேச்சு வரும். மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை தினமும் போய் வருகிற ஒரு அம்மாவுக்கு அப்படி ஒரு பேச்சு வந்தது. அந்த மொபெட்டுக்கு என்ன விலை என்று அவங்களைக் கேட்டால் சொல்வாங்க. அதனால் இப்போதெல்லாம் மதிப்பு இவ்வளவு என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

நீங்கள் பதிலுக்கு 173(3)-ஐக் காட்டலாம். நியாயம்தான், மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதல்கட்ட விசாரணை செய்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று அதில் இருக்கிறது, திருட்டும் அதற்குள் வரும். ஆனால் அதற்கு டி.எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கிறவர், நம் ஊரில் உதவி ஆணையர், முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும், விசாரணையும் 14 நாளில் முடிய வேண்டும். ‘பசங்க ரெண்டு நாள் பாக்கட்டும்’ என்பது அந்த அனுமதி ஆகாது. அதுவும் கேமரா வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் முகாந்திரம் இருக்கிறதா என்று எதைப் போய் விசாரிப்பது?

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, இத்தனை வருடம் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டால் அது கணக்கில் ஏறும், க்ரைம் மீட்டிங்கில் “இந்த மாசம் உன் ஸ்டேஷன்ல மட்டும் ஏன் இத்தனை வண்டி?” என்று மேலே இருந்து கேட்பார்கள், கண்டுபிடிக்காத கேஸ் தலைக்கு மேல் தொங்கும். சி.எஸ்.ஆர். என்றால் கேட்பாரில்லை. போதாததற்கு இருக்கிற ஆட்களையும் பாதி நாள் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உங்கள் கஷ்டம் உண்மையான கஷ்டம். அந்தக் கணக்கு கூடாமல் இருப்பதற்கு விலை கொடுப்பவன் யார் என்பதுதான் என் கேள்வி.

என் வண்டி போன பத்தொன்பதாவது நாள் மதியம் கடையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது போனில் மெசேஜ். ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம், மாதவரம் பக்கம், காலை 10.17. லிங்கைத் திறந்தால் போட்டோ. என் வண்டி, என் நம்பர், டேங்கில் என் பெண் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது. மேலே ஒருத்தன் சிவப்பு டி-ஷர்ட்டில் தலையை வாரிக்கொண்டு ஹாயாகப் போகிறான். ரைட்டர் ஐயா, நீங்களே சொல்லுங்கள், வண்டியைக் கண்டுபிடித்தது உங்கள் டிபார்ட்மெண்ட்தான், ஆனால் எனக்கு அபராதம் போடுவதற்காகக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த நம்பர் எஃப்.ஐ.ஆராக சிஸ்டத்தில் ஏறியிருந்தால் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவருக்குச் சொல்ல ஒரு வழியாவது இருந்திருக்கும். சி.எஸ்.ஆர். ரிஜிஸ்டருக்குள் இருக்கிற நம்பரை எந்த கேமராவுக்குத் தெரியும்? பழைய வண்டி வாங்குகிறவர்கள் திருட்டு வண்டியா என்று தட்டிப் பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகமான என்.சி.ஆர்.பி. ‘வாகன் சமன்வய்’ என்று ஒன்று வைத்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். ஆகாத என் வண்டி அதில் சுத்தமான வண்டி. அந்தச் சிவப்பு டி-ஷர்ட் தாராளமாக யார் தலையிலாவது கட்டிவிடலாம்.

அபராதமாவது போகட்டும். அதே வண்டியில் போய் எங்காவது செயினை அறுத்திருந்தால்? நம்பரை வைத்து முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவு. அப்போது நான் நீட்டுகிற தாளில் ‘காணவில்லை’ என்று இருந்தால், எப்போது காணவில்லை, எப்படிக் காணவில்லை, யாருக்காவது கொடுத்தாயா என்றுதானே கேள்வி வரும்?

இன்சூரன்ஸ் பக்கம் இன்னும் மோசம். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருப்பவர்களுக்குத் திருட்டுக்குச் சல்லிக் காசு கிடையாது, அவர்களை விடுங்கள். நான் முழு இன்சூரன்ஸ் போட்டவன், ஐ.டி.வி., அதாவது பாலிசியில் போட்டிருக்கிற வண்டி மதிப்பு, 38,000 ரூபாய். கம்பெனியில் கேட்டது ஆர்.சி., இரண்டு சாவி, எஃப்.ஐ.ஆர்., கடைசியில் வண்டி கிடைக்கவில்லை என்று உங்கள் சான்று. சி.எஸ்.ஆரைக் காட்டினேன், அந்தப் பெண் அதைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “இது வேணாம் சார்” என்று தள்ளி வைத்துவிட்டார். கடைசியில் 41-வது நாள் எஃப்.ஐ.ஆர். வந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, போகிக்குப் போன வண்டிக்கு மாசி மாதம் எஃப்.ஐ.ஆர். என்றால் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதுதான். 2020 ஜனவரியில் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் எங்களைப் போன்றவர்கள் பக்கம் நின்றிருக்கிறது, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் வைத்துக் காசு தர மறுக்கக் கூடாது என்று. ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்பதே டிராக்டர்காரர் உடனே போலீசுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்டார் என்ற காலின் மேல்தான். நானும் அன்றைக்கே வந்தேன். உடனே வந்தவனை உடனே வராதவனாக ஆக்கியது ஒரு சி.எஸ்.ஆர். சீட்டு.

41-வது நாள் எப்படி வந்தது என்றால், 173(4)-ன்படி எல்லாவற்றையும் எழுதி துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்ட் போட்டேன். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். மறுத்தால் எஸ்.பி. அந்தஸ்தில் இருப்பவருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம் என்று இருக்கிறது. நான்கு நாளில் போன் வந்தது. “ஏம்ப்பா, நேர்ல கேட்டா போட்டுக் கொடுத்திருக்க மாட்டோமா, எதுக்கு மேல எழுதின?” கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது அந்தக் குரலில். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

எல்லைப் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு வரவில்லை, கடைக்கு வந்த ஒரு பையனுக்கு வந்தது. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் வண்டியை வைத்துவிட்டு ஏர்போர்ட் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவன். வீடு ஒரு போலீஸ் ஸ்டேஷன் எல்லை, வண்டி வைத்த ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன், அந்தப் பக்கம் இன்னொன்று, மூன்று இடத்துக்கும் நடந்திருக்கிறான், அதுவும் வண்டி இல்லாமல். 2022-ல் ஆவடியும் தாம்பரமும் தனி கமிஷனரேட் ஆன பிறகு திருவொற்றியூர் தாண்டிப் போனால் எங்கே எது முடிகிறது என்று எங்களுக்குச் சுத்தமாகப் புரிவதில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ‘எந்த எல்லையில் நடந்திருந்தாலும்’ என்று 173-ன் முதல் வரியிலேயே இருக்கிறது. எஃப்.ஐ.ஆரைப் போட்டுவிட்டு நீங்கள் உங்களுக்குள் அனுப்பிக்கொள்ளுங்கள். டெல்லியில் வண்டித் திருட்டுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கொள்ளும் வசதி பல வருடமாக இருக்கிறது. நமக்குப் பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும் போவதே வெளியூர்ப் பயணமாக இருக்கிறது.

அப்புறம் ஸ்டேஷன் வாசலில் குவிந்து கிடக்கிற வண்டிகள். மழை, வெயில், வேப்பம் பூ எல்லாம் அதன் மேல்தான். ஒரு ஸ்கூட்டரின் ஃபுட்போர்டு வழியாக அரசஞ்செடி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது, ஒரு ஆட்டோவின் பின் சீட்டில் போன மாதம் பூனை குட்டி போட்டது. பிடிபட்ட வண்டியை ஸ்டேஷனில் மக்க விடாதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் விடுங்கள் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. புதுச் சட்டத்தின் பிரிவு 497 இதற்கு நாள் கணக்கே வைத்திருக்கிறது, கோர்ட்டில் காட்டிய 14 நாளில் பட்டியல், போட்டோ, அதற்கடுத்த 30 நாளில் என்ன செய்வது என்ற உத்தரவு. அந்தக் குவியலில் கிடப்பதில் ஒன்றாவது, வேறு ஏதோ ஸ்டேஷனில் ‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு லேமினேட் செய்த சி.எஸ்.ஆரோடு காத்திருக்கிற ஒருத்தருடையதாக இருக்கும் என்று டீ குடிக்கப் போகும்போதெல்லாம் தோன்றும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் நீங்களே சொல்ல வேண்டும் என்று பிரிவு 193-ல் இருக்கிறது. நாங்கள் வந்து வாசலில் நின்று “சார், நம்ம வண்டி...” என்று இழுக்க வேண்டியதில்லை. ஒரு மெசேஜ் போதும், அபராதத்துக்கு அனுப்புகிற மாதிரி.

இதையெல்லாம் எழுதிவிட்டு என் பங்குக்கு நான் செய்திருப்பது ஒன்றுதான். ‘வண்டி காணவில்லை’ ஃபைலை அழித்துவிட்டேன். புது ஃபைலில் ‘பொருள்: எனது இரு சக்கர வாகனம் திருடப்பட்டது தொடர்பாக’ என்று இருக்கிறது. வண்டியின் மதிப்புக்கு ஒரு வரி, அடையாளத்துக்கு ஒரு வரி, ஸ்டிக்கர், கீறல், உடைந்த இண்டிகேட்டர் எதுவானாலும். கடைசியில், பிரிவு 173(2)-ன்படி முதல் தகவல் அறிக்கையின் பிரதியை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரி. யாராவது திரும்பி வந்து காணவில்லை என்று மாற்றச் சொன்னால், மாற்ற மாட்டேன், வெள்ளைத் தாள் வேண்டுமானால் சும்மா தருகிறேன், அந்த வார்த்தையை ரைட்டர் ஐயாவையே அவர் கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். நாளைக்கு என் கடைப்பக்கம் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். டீ நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரன்

பி.கு.: இதை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு மெசேஜ் வந்தது. சிக்னல் தாண்டியதற்காம். இந்தத் தடவை ஹெல்மெட் போட்டிருக்கிறான்.